இரண்டாம் முறை கேட்டபோது

எனக்குச் சர்க்கரை போடாத தேநீர்தான் பிடிக்கும். யாராவது போட்டுக் கொடுத்துவிட்டால் மறுபேச்சில்லாமல் குடித்துவிடுவேன். எதற்கு வீணாக ஒருவர் முகத்தை வாட வைக்க வேண்டும்?

அந்த ரொட்டி வேன் ஓட்டுநரும் அந்த ரகம்தான். மழைக் காலையில் பள்ளிக்கு நடந்துபோன சிறுமியை வேன் ஏற்றிக் கொன்றதாகக் காவல் நிலையத்தில் ஒப்புக்கொண்டவர், பிறகு இல்லை என்றார். எந்தப் பேச்சை நம்புவது என்று பார்த்துச் சொல்ல, மருத்துவமனை உளவியலாளரான என்னிடம் நீதிமன்றம் அவரை அனுப்பியது.

அடுத்தவர் சொல்லுக்கு ஒருவர் எவ்வளவு வளைவார் என்று பார்க்க, ஒரு குட்டிக் கதை படித்துக் காட்டி இருபது கேள்வி கேட்பேன். கதையில் இல்லாததையும் சிலவற்றில் நுழைத்திருப்போம். முடிந்ததும், நிறையத் தப்பு இருக்கிறது, மறுபடி சொல்லுங்கள் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன். அதுவும் சோதனைதான். அவர் பதினாறு பதில்களை மாற்றினார்.

"நீங்க படிச்சவங்க சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இன்னொரு தாளில், வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை என்று டிக் அடித்திருந்தார். நல்லவன் என்று பெயர் வாங்க அவ்வளவு ஆசை. எனக்குப் பாவமாக இருந்தது.

இவருடைய ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று மூன்று வரியில் முடித்திருக்கலாம். முடித்தால் வழக்கைத் திரும்பத் தோண்டுவார்கள். அதனால் இன்னும் இரண்டு நாள் வரச் சொன்னேன். சிறுமியின் குடை என்ன நிறம் என்று கேட்டேன். தெரியாது என்றார். யோசித்துப் பாருங்கள், மஞ்சளாக இருக்குமோ என்றேன். மூன்றாம் நாள் அவரே மஞ்சள் குடை என்றார், கைப்பிடி உடைந்தது என்றும் சொல்லி அழுதார். தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

குடை அதுவரை கிடைக்கவில்லை. அதன் நிறம் தாய்க்கும் போலீசுக்கும் மட்டுமே தெரியும் என்பதால், நீதிபதிக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. யார் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் இல்லை என்று நானும் அறிக்கை எழுதினேன். பத்து வருடச் சிறை.

குடை என் காரின் முன்சக்கரத்தில் சிக்கியிருந்தது. நான்தான் மோதினேன், நான்தான் உருவி எடுத்தேன். குழந்தையின் பொருளைக் குப்பையில் போட மனம் வரவில்லை, டிக்கியில் வைத்தேன். பிறகு நான் விற்ற காரை வாங்கியவர் அதை உங்கள் காவல் நிலையத்தில் கொடுத்தது தெரிந்ததும் நானே வந்துவிட்டேன்.

நேற்று சிறைக்குப் போய் அந்த ஓட்டுநரிடம் உண்மையைச் சொன்னீர்களாம்.

"இல்ல சார், நான்தான். அந்தப் பொண்ணு முகம்கூட ஞாபகம் இருக்கு," என்றாராம்.

நான் வந்து பேசினால் கேட்பார் என்கிறீர்கள். கேட்பார்தான். ஆனால் பாவம், இப்போதுதான் மனம் தேறியிருக்கிறார். என்னை நம்பி வந்தவரை என்னால் குழப்ப முடியாது.