ரெண்டாம் வகுப்புச் செவரு

எனக்கு மொத அநியாயம் பண்ணுனது மாடசாமி மாஸ்டர்தாங்க மேடம். அதச் சொல்லிட்டுத்தான் செவத்தப் பத்திச் சொல்லுவேன். ஆமாங்க, இந்தப் பள்ளிக்கூடத்துப் பிரின்ஸ்பல்தான். வேற எந்த மாடசாமி? தேயிலத் தோட்டத்துல ஒரே லயத்து வீட்டு வரிசையில, அடுத்தடுத்த காம்பராவுல பொறந்தவங்க நாங்க. இன்னிக்கு அவர எல்லாரும் சேர்னு கூப்புடுறாங்க, நான் கூட்டிப் பெருக்குற ஆளு. அது பரவாயில்ல, அவரு படிச்சாரு, நான் கொழுந்துச் சாக்கு தூக்கப் போயிட்டேன். ஆனா பதினோரு வருசமா என்னைய டெம்பரரின்னே வச்சிருக்காரே, அது எந்த ஊரு ஞாயம்? வருசா வருசம் அவரு கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு வேல.

இல்லங்க, பஸ்ஸு மூணரைக்குத்தான். மடுல்சீமைப் பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்கு. மூணரைன்னா நாலு. உக்காருங்க.

ஜெயமலர் டீச்சரோட பயிற்சிப் பரீச்சை பாக்க வந்துட்டுப் பைல்ல என்னமோ எழுதுனீங்களே, அது மொகம் அப்பிடியே சுருங்கிப் போச்சு. நான் சன்னலுக்கு வெளியிலதான் நின்னேன். நோட்டுல இவ்வளவு எழுதியிருக்கியே, செவத்துல ஒரு கோட்டக் கூடக் காணோமேன்னு கேட்டீங்க. அந்த டீச்சர்ப் புள்ள வாயத் தொறக்கல. பொய் எழுதுற புள்ள இல்லங்க அது. ஒரு வருசப் பயிற்சியும் அதுல போயிருமா மேடம்? ... அய்யய்யோ. அப்ப நான் சொல்றதக் கேட்டுட்டு எழுதுங்க.

கோடு இருந்துச்சுங்க. மாசக் கடைசியில ஒவ்வொரு புள்ளையையும் செவத்துல சாச்சு நிக்க வச்சு, தலைக்கு மேல அடிமட்டக் கட்டைய வச்சு, கரியால ஒரு கோடு. பக்கத்துல அந்தப் புள்ளையே பேரு எழுதணும். பள்ளிக்கூடம் தொடங்குற தை மாசம் என்னத்த எழுதும்ங்க? கோழி கெளறுன மாதிரிதான். கோடு ஏற ஏற எழுத்தும் சேந்து ஏறுச்சு பாருங்க, எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா பாத்தாத் தெரியுமில்ல? கருப்பம்மா மக தனலெட்சுமி கரிக்கட்டியத் தொட்டாலே அழும். ஆடியில முழுப்பேரையும் எழுதிட்டு, மேல ஒரு பூவும் வரைஞ்சிருச்சு. கருப்பம்மா மலையில இருந்து கூடையோட வந்து பாத்துட்டு, ஏய்யா, இது நீ எழுதிவிட்டதான்னு எங்கிட்டயே கேக்குறா. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்டி வெளக்குமாறு புடிக்கிறேன்னேன்.

டீச்சரு பள்ளிக்கூடம் விட்டப்பொறவு செவத்தப் பாத்துப் பாத்து நோட்டுல எழுதும். ஒருநா சொல்லுச்சு, ஐயா, வந்த புதுசுல இந்தப் புள்ளைங்க சத்தம் போட்டா எனக்கு வெளிய ஓடிறலாம்னு இருக்கும், இப்பச் சத்தம் இல்லாட்டித்தான் பயமா இருக்குன்னு. அதுவுந்தாங்க வளந்துச்சு, புள்ளைங்களோட சேந்து.

பிரின்ஸ்பலா? நீங்க வர்றீங்கன்னு அவருதான் அந்தச் செவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாருன்னு எல்லாரும் பேசுறாங்க. டீச்சரும் அதத்தான் நெனைக்குது. அதான் வாயத் தொறக்கல. நானும் அப்பிடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அவரு மேல ஒரு பழி விழுந்தா எனக்கென்ன?

ஆனா அவரு சொல்லலங்க. நான்தான் அடிச்சேன். ஞாயித்துக்கெழம தனியா வந்து, லயத்துக்கு அடிச்சு மிஞ்சுன சுண்ணாம்பக் கரைச்சு அடிச்சேன். திங்கக்கெழம அவரு பாத்துட்டு, பரவாயில்லையே, சொல்லாமலே செய்றியேன்னு முதுகுல தட்டுனாரு. பதினோரு வருசத்துல அவரு என்னையப் பாராட்டுனது அந்த ஒரு தடவதான்.

ஏன்னா கேக்குறீங்க?

காலையில அந்த வகுப்பப் பெருக்குறது நான்தானுங்க. குனிஞ்சு பெருக்கிட்டு நிமிந்தா, கண்ணுக்கு நேரா அந்தச் செவரு. எல்லாப் புள்ளைக்கும் கோடு மேல மேல போகுது. ஒரு புள்ளைக்கு மட்டும் மூணு கோட்டோட நின்னு போச்சு. மூணாவது கோட்டுக்கிட்ட ஒரே ஒரு எழுத்து. கூட நின்ன புள்ளைங்க எல்லாம் அதத் தாண்டிப் போயிட்டாங்க, அது மட்டும் கீழயே நிக்குது. அது ஒண்ண மட்டும்தான் மொதல்ல ஈரத்துணியால தொடச்சேன். தொடச்ச எடம் வெள்ளையா ஒரு திட்டாத் தெரிஞ்சுச்சு. கோட்ட விட அது இன்னும் மோசம் மேடம். பாக்க முடியல. முழுச் செவத்தையும் அடிச்சுட்டேன். டீச்சரு பரீச்சைக்கு அதுதான் சாச்சின்னு எனக்கு எங்கங்க தெரியும்?

அந்தப் புள்ள செத்துப் போச்சான்னா கேக்குறீங்க? சாவல்லாம் இல்லங்க, வாயக் கழுவுங்க. இருக்கு. எம் பேத்திதான், விஜயலெட்சுமி. ஏழு வயசு. அதோட ஆத்தா சவுதியில, அப்பன் எங்கன்னே தெரியாது. சித்திர லீவுல பிரின்ஸ்பல் எங்க வீட்டுக்கு வந்தாரு. கொழும்புல தன்னோட தங்கச்சி வீட்டுல கைக்கொழந்த இருக்கு, அதோட வெளையாட ஒரு புள்ள வேணும், பெரிய பள்ளிக்கூடத்துல சேத்துப் படிக்க வைப்பாங்கன்னாரு. அந்த மாசந்தான் என் வேலைக் கடிதாசியில அவரு கையெழுத்துப் போடணும். நான் தலைய ஆட்டிட்டேன். புள்ள என்னையப் பாத்துச்சு. அப்பவும் ஆட்டிட்டுத்தான் இருந்தேன்.

தீவாளிக்குக் கொண்டாந்து விடுறேன்னாரு. தீவாளி போயி மூணு வாரமாச்சு. டவுன்ல ஸலீம் கடையில இருந்து அந்தத் தங்கச்சி வீட்டுக்கு மூணு தடவ போன் எடுத்துட்டேன். மூணு தடவயும் அந்தம்மா, புள்ள கடைக்குப் போயிருக்குன்னுது. எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டேன். போன வச்சிருச்சு.

வேணாங்க, நீங்க அவருகிட்டக் கேக்காதீங்க. சித்திரைக்கு மறுபடி கையெழுத்து இருக்கு. நீங்க டீச்சருக்கு மட்டும் நல்லபடியா எழுதிருங்க, செவரு நான் பண்ணுன தப்பு. டெம்பரரியா இருந்துட்டுப் போறேன், எனக்கு ஒண்ணும் வேணாம். ஆனா அந்தாளு எனக்கு ஒரு புள்ளையத் திருப்பித் தரணும் மேடம். இன்னும் தரல.