பைப்புக்கு வாட்டம்

கும்பகோணத்தில் ஸ்கேன் கவரோடு பஸ் ஏறிய நிறைமாதப் பெண் என் முன்சீட்டில் உட்கார்ந்து, புருஷனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாம் கேட்டது. அவர் ஏதோ குளிர்நாட்டில் பைப் ஃபிட்டராம்.

“வயலுக்கு வாட்டம் பாத்துத் தண்ணி பாய்ச்சுன ஆளு, ஒரு பைப்புக்கு வாட்டம் வெக்கத் தெரியலையா?”

“சிரிக்காதடி. பில்டிங்குக்குச் சூடு காத்து அனுப்புற மிஷின்ல ஸ்டீம் காயில், அதான் ஆவி ஓடுற சுருள் குழாய், மாட்டுனோம். ஆவி தண்ணியாகி வெளிய இறங்கணும். பைப்பு சரிவா இல்லாததால இறங்காம உள்ளயே தேங்கி, டமடமன்னு அடிக்குது.”

அது வெடித்துவிடுமோ என்று நான்தான் முன்னால் சாய்ந்து கேட்டேன்.

“அப்ப லீவு?”

“எல்லாத்தையும் பிரிச்சு மாட்டணும். காயில் ஒழுங்கா ஓடுனாத்தான் விடுவாங்க.”

அவள் சிரிப்பு நின்றது.

“இங்க ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கே சேரணும். கையெழுத்து யாருங்க போடுறது?”

“உங்க அண்ணன்?”

“அண்ணனும் வெளிநாட்டுலதான, துபாய்ல இருக்கு.”

அவள் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தாள்.

“சரி, நானே போட்டுக்கறேன். நீங்க கையச் சுட்டுக்காம வேலையப் பாருங்க.”