இடது காது மட்டும் ஒரிஜினல்

— அப்ப அந்த மூக்கு?

— அதுவும் போட்டோ ஆப் போட்டதுதான் சார்.

— மீச?

— மீசையும்தான்.

— லினெட்டு, நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த மொகத்துல எதுவுமேவா நெசம் இல்ல?

— எடது காது இருக்கு சார். அது மட்டும் ஒரிஜினல்.

— ஒரே ஒரு காத வச்சிக்கினு நான் நாளைக்குக் கண்காட்சி தொறக்கணுமா?

— நீங்க மீதி மொகத்தையும் சேத்துத் தொறக்கப் போறீங்க. அதுதான சார் பிரச்சன.

— மெல்லப் பேசு. அந்தம்மா யாரு, வாசல்ல நிக்குது?

— பெர்னதெத்தம்மா சார். நீங்க புஸ்தக அட்டையில போட்டிருக்கீங்களே, அந்த போட்டோவே அவங்களுதுதான். திரும்ப வாங்கிட்டுப் போக வந்திருக்காங்க.

— நீங்க பேசுங்க ஐயா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நான் இப்படி ஓரமா இருக்கேன்.

— ஒக்காரும்மா. பெஞ்சு அங்க இருக்கு பாரு, செருப்பு வுடுற எடத்துக்குப் பக்கத்துல. ம், பொறுமை, பொறுமை. லினெட்டு, மொதல்லேர்ந்து சொல்லு. எங்க தப்பு நடந்துது?

— மொதல்லேர்ந்தா? அம்பத்தேழாம் வருஷத் திருநாள் போட்டோ. மாதா கோவில் பேண்டு செட்டு, பதினோரு பேரு. நடுவுல உங்கப்பா, பேண்டு மாஸ்டர். பத்து பேரு மொகம் பளிச்சினு இருக்கு. உங்கப்பாவுக்குப் பக்கத்துல கிளாரினெட்டு வச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவருக்கு மட்டும் மொகம் இருக்க வேண்டிய எடத்துல வெள்ளையா ஒரு பொட்டல். நான் பாட்டுக்கு ஸ்கேன் பண்ணி வச்சேன். நீங்கதான், அசிங்கமா இருக்கு, புஸ்தக அட்டைக்கு ஆவாதுன்னீங்க.

— கொஞ்சம் துடச்சி வுடுன்னுதான் சொன்னேன்.

— துடைக்கிற ஆப்லதான் போட்டேன். 'சரிசெய்'னு ஒரே ஒரு பட்டன். அமுக்குனேன். மூணு செகண்டுல ஒரு மனுஷன் வந்து நிக்கிறாரு. அளவா மீச, படிய வாரின தல, பேங்க் மேனேஜர் மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கே பக்குனு ஆயிடுச்சு. 'மாதிரிக்கு மட்டும்'னு எழுதி உங்களுக்கு அனுப்பினேன்.

— நான் வாட்சப் குரூப்புல போட்டேன். அது ஒரு குத்தமா? வரலாறுன்னா நாலு பேரு பாக்கணும்.

— நானூறு பேரு பாத்தாங்க சார். அதோட வுட்டீங்களா? 'இவர் யார் என்று தெரிந்தவர்கள் கூறவும்'னு எழுதிட்டீங்க. முத்தியால்பேட்டையில எவனாவது எனக்குத் தெரியாதுன்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?

— ஆறு குடும்பம், லினெட்டு. ஆறு குடும்பம் எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க. இதுக்குப் பேரு வாய்மொழி வரலாறு. பெரிய பெரிய யுனிவர்சிட்டியில எல்லாம் இதுக்கு மரியாதை உண்டு.

— இருக்கட்டும், கொஞ்சம் படிக்கிறேன். ஜூலியன் வாத்தியார்: 'இவர் எங்கள் பெரிய தாத்தா. இவர் பெரிய டிரம் அடித்தால் வைத்திக்குப்பம் கடற்கரை வரை கேட்கும்.' கையில இருக்கிறது கிளாரினெட்டு சார்.

— ரெண்டும் வாசிச்சிருப்பாரு. அந்தக் காலத்து ஆளுங்க.

— ஜோவிதா டீச்சர்: 'கண்ணைப் பார்த்த உடனே அறிந்துகொண்டேன், இவர் எங்கள் குடும்பம். கடைசி வரை திருமணம் செய்யாமல் கோவிலுக்கே உழைத்தவர்.' சரியா? அடுத்த தாளு பிரான்சுலேர்ந்து வந்திருக்கு: 'இவருடைய பேரன் நான்.' கல்யாணமே பண்ணாதவருக்கு ஸ்ட்ராஸ்பூர்ல பேரன். சூப்பர்.

— அடுத்தவங்க குடும்ப விஷயத்துல கமிட்டி தலையிடாது. யாரு அங்க சிரிக்கிறது?

— இருமல்ங்க ஐயா. ஒரு வாரமா இருக்குது.

— தண்ணி குடிம்மா. லினெட்டு, போதும், அத மூடி வை.

— இன்னும் ஒண்ணு இருக்கே. ஆறாவது. உங்களுது.

— அது வேணாம்.

— 'அமலநாதன் ஆகிய நான் உறுதியாக அறிவிப்பது யாதெனில், படத்தில் கிளாரினெட்டுடன் நிற்பவர் என் தந்தையின் உடன்பிறந்த தம்பி. எங்கள் வம்சத்து மூக்கு இவரிடம் தெளிவாகக் காணப்படுகிறது.' அந்த மூக்கத்தான் சார் நான் மொதல்ல சொன்னேன்.

— அப்படியே எங்க மூக்காட்டம்தான இருக்குது?

— இருக்கத்தான் செய்யும். பக்கத்துல இருக்கிற மொகத்தப் பாத்துதான் அது புதுசு பண்ணும். பக்கத்துல நிக்கிறது உங்கப்பா.

— வொலா, பாத்தியா! அப்ப ரத்த சம்பந்தம் இருக்குதுன்னு மெஷினே ஒத்துக்குதில்ல?

— சார், உங்க சித்தப்பா சைகோன்ல செத்துட்டாருன்னு நீங்களே புஸ்தகத்துல எழுதியிருக்கீங்க. அம்பத்திமூணுல செத்தவரு அம்பத்தேழு திருநாளுக்கு வந்து கிளாரினெட்டு வாசிச்சாரா?

— செத்துட்டாருன்னு லெட்டருதான் வந்துது. ஒடம்பு வரல. பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு சொல்தாவா போனவங்க எத்தினி பேரு செத்தாங்கன்னு சேதி வந்தப்பறம் பெட்டியத் தூக்கிக்கினு கப்பல்லேர்ந்து எறங்கினாங்க தெரியுமா? எங்க வீட்ல அவரு போட்டோ ஒண்ணு கூட கெடையாது. எழுவத்தோரு வயசு ஆவுது எனக்கு. போன மாசந்தான் என் சித்தப்பா மொகத்த மொத தடவயா பாத்தேன்.

— சாரி சார். அது எனக்குத் தெரியாது.

— பரவால்ல.

— ஆனா நீங்க பாத்தது அவர இல்லியே. நீங்க என்ன வேணா திட்டுங்க, நான் சொல்லிடுறேன். கண்காட்சி செவுத்துல மாட்டியிருக்கிற அந்த நாலடிப் படத்த இன்னிக்கே எறக்கணும். சொரண்டின மொகம் சொரண்டினபடி இருக்கிற ஸ்கேன மாட்டுவோம். நாளைக்கு சாமியார் ரிப்பன் வெட்டி, நீங்க மாலையும் போட்டுட்டா, அப்பறம் இந்த ஆள ஒருத்தராலயும் செவுத்துலேர்ந்து எறக்க முடியாது. அம்பது வருஷம் கழிச்சி எவனாவது இவரப் பத்தி ஆராய்ச்சி பண்ணி பட்டம் வாங்குவான். கீழ 'சீரமைப்பு: லினெட்'னு என் பேருதான் இருக்கு.

— அதென்ன சொரண்டின மொகம்? பூச்சி அரிச்சிது அது.

— ரொம்ப வெவரமான பூச்சி. பத்து பேர வுட்டுட்டு ஒருத்தர் மொகத்த மட்டும் வட்டமா அரிச்சிருக்கு. லைட்ட சாச்சிப் பிடிச்சிப் பாத்தேன் சார். கோடு கோடா இருக்கு. பிளேடோ கத்தியோ.

— கத்தியா? நம்ம பேண்டு செட்டுலயா? சண்ட சச்சரவுன்னு ஒரு பேச்சு உண்டா அங்க? எங்கப்பா அவங்கள ஒரே குடும்பமா வச்சிருந்தாரு. எட்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன், படிச்சிப் பாரு.

— படிச்சேன். எட்டுலயும் இருக்கு, பதினொண்ணுலயும் இருக்கு, பின்னட்டையிலயும் இருக்கு. ஆனா ஒண்ணு சார், நாம ஊரையே கேட்டோம், போட்டோ குடுத்தவங்கள கேட்டோமா? இந்தாங்க, அவங்க குடுத்த ஃபாரம். 'படத்தில் உள்ளவர்கள்'ங்கிற எடம் காலியா இருக்கு. பழைய போட்டோ வாங்குன முகாம்ல யாரோ 'கமிட்டி நிரப்பும்'னு பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க.

— நான்தான் எழுதுனேன். அவங்க கல்லறைக்குப் பின்னால தெரு. கோவில் கூட்டுற குடும்பம். பேண்டு செட்டப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? தப்பா எடுத்துக்காத பெர்னதெத்து.

— அதுல தப்பா எடுத்துக்க என்னங்க ஐயா இருக்குது. கூட்டுற குடும்பந்தான். நான் ஒண்ணு கேக்கலாமா? தெரியாமத்தான் கேக்குறேன்.

— கேளு, கேளு.

— மொகம் பொய்யினு பாப்பா சொல்லுது. அப்ப அந்த ஆளும் பொய்யா?

— இல்லம்மா. ஆளு நெசம். கை நெசம், கிளாரினெட்டு நெசம், போட்டிருக்கிற கோட்டு நெசம். மொகம்தான் நான் பண்ண கோளாறு.

— கோட்டு அவருது இல்ல. அன்னிக்கு ஒருத்தரு எரவல் குடுத்தது. கிளாரினெட்டு அவருதுதான். சைகோன்ல பட்டாளத்து பேண்டுல கத்துக்கினு வந்தாரு.

— என்ன சொன்ன? திரும்பச் சொல்லு.

— சைகோன்ல கத்துக்கினாருங்க ஐயா. சொல்தாவா போயி, அங்க கத்துக்கினு, அம்பத்தஞ்சுல கப்பல் ஏறி வந்தாரு.

— லினெட்டு! கேட்டியா? சைகோன்! எழுதிக்கோ, எழுதிக்கோ! நான் சொன்னனா இல்லியா? லெட்டரு தப்பு! சித்தப்பா வந்துட்டாரு!

— சார், கொஞ்சம் இருங்க. பெர்னதெத்தம்மா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவங்கள ஏன் குறுக்கு விசாரண பண்ற? ஊர்ல பேசிக்கினது காதுல வுழுந்திருக்கும். அதான் நெசமான சாட்சி. சொந்தமும் இல்ல, லாபமும் இல்ல, தானா வந்து சொல்லுது பாரு. மெர்சிம்மா, ரொம்ப மெர்சி. நீ அங்க ஏன் ஒக்காந்திருக்க, இப்படி வா, இந்த நாற்காலியில ஒக்காரு.

— இருக்கட்டுங்க. இங்க காத்து வருது. ஐயா, அவரு ஏன் அப்பறம் வேற எந்தப் படத்துலயும் இல்ல, ஏன் வாசிக்கறத வுட்டாருன்னு யோசிச்சீங்களா?

— கூச்ச சுபாவம். எங்க குடும்பத்துல நெறைய பேரு அப்படி.

— நீங்களா சார்?

— லினெட்டு, நீ கொஞ்சம் சும்மா இரு. சரி, உன் மனசுக்காக ஒண்ணு பண்றேன். மொகத்த எடுத்துடலாம். பொட்டலாவே மாட்டு. எனக்கு மொகம் வேணாம், ஆளு கெடச்சிட்டாரு. ஆனா கீழ பேரு வரணும். 'அமலநாதன் குடும்பத்தார், பேண்டு மாஸ்டரின் இளைய சகோதரர்.'

— நெசமாவே எறக்கிடலாமா சார்? மொகம் இல்லாம?

— எறக்கு. நீ ஜெயிச்ச. போதுமா?

— போதும் சார். ஆனா அந்த வரி இன்னும் உறுதியாகல. ஜூலியன் வாத்தியாருக்கும் ஜோவிதா டீச்சருக்கும் என்ன பதில் சொல்றது?

— நான் பேசிக்கிறேன். அவங்க ஆசப்பட்டது ஒரு மொகத்துக்கு. எனக்குத்தான் ஆளு சொந்தம்.

— அப்ப அவரு உங்க சொந்தம்னு எழுதிக் குடுத்தத மாத்த மாட்டீங்க, இல்லீங்களா ஐயா?

— ஏன் மாத்தணும்? யாரு வந்து கேட்டாலும் மாத்த மாட்டேன்.

— நாளைக்கி மாலையும் நீங்களே போடுவீங்க.

— மண்டி போட்டுப் போடுவேன். அத்தினி ஜனத்துக்கு முன்னால, எங்க வீட்டு ரத்தம்னு மைக்குல சொல்லிட்டுத்தான் போடுவேன். எங்கப்பா இருந்திருந்தா அவரே போட்டிருப்பாரு.

— உங்கப்பாரா? சரிங்க. பாப்பா, காலியா வுட்டிருக்கிற அந்த எடத்துல பேர எழுதிக்க. லூர்துசாமி.

— என் சித்தப்பா பேரு சவரிநாதன் ஆச்சே? எந்த லூர்துசாமி?

— கல்லறையில குழி வெட்டுனாரே, அந்த லூர்துசாமிங்க. உங்க தாத்தாவுக்குக் கூட அவருதான் வெட்டுனாரு. எங்கப்பா.

— அம்மா, நில்லுங்க, எழுதுறேன். சொல்லுங்க.

— அந்த வருஷம் கிளாரினெட்டுக்காரருக்கு அம்ம போட்டுடுச்சு. திருநாள் நிக்கக் கூடாதுன்னு வெள்ளக்கார சாமியாரு எங்கப்பாவக் கூப்ட்டு வாசிக்கச் சொன்னாரு. கோட்டு கூட சாமியார் குடுத்ததுதான். ஒரே ஒரு நாளு. படம் புடிச்சாங்க, கோவில் பின்ரூம்புல மாட்டுனாங்க. குழி வெட்டுறவன் கூட வரிசையில நின்னா நம்ம வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு, மறுவாரம் உங்கப்பாரு சவரக் கத்திய எடுத்துக்கினு வந்து ஒக்காந்து, பொறுமையா சொரண்டுனாரு. எங்கம்மா அப்ப அந்த ரூம்பத்தான் கூட்டிக்கினு இருந்துது. அப்பறம் வேற படம் புடிச்சி மாட்டிட்டாங்க, இது குப்பைக்கி வந்துது. எங்கம்மா முந்தானையில சுருட்டி எடுத்தாந்துது. யாராவது ஒரு நாளு கேப்பாங்கன்னுதான் முகாமுல குடுத்தேன். பென்சில எடுத்து நீங்களே எழுதிக்கினீங்க.

— லினெட்டு.

— சொல்லுங்க சார்.

— என் பேப்பரக் குடு. அந்த ஆறாவது.

— அது காலையிலயே ஸ்கேன் பண்ணி நெட்டுல ஏத்திட்டேன் சார். கையெழுத்தோட.

— எறக்கு அத!

— ஏன் தம்பி பாப்பாவ வெரட்டுறீங்க? எங்கப்பா உங்களுக்கு சித்தப்பான்னா, வயசுல மூத்தவ நான், அக்கா முறதான ஆவுது. நாளைக்கி மாலையப் போட்டுட்டு நேரா கல்லறைக்குப் பின்னால வந்துடுங்க, திருநாள் சாப்பாடு நம்ம வீட்ல.