வெள்ளக் கதையும் செவத்தக் காரும்

அம்பாசமுத்திரத்துல ஏறுன பஸ்ஸுல எனக்கு முன் சீட்டுல ரெண்டு பேரு. ஒருத்தரு துபாய்லருந்து வந்தவரு. ரெண்டே கதவு வச்ச பழைய ஸ்போர்ட்ஸ் காரு ஒண்ணு, செவத்தக் காரு, வாங்கத் திருநவேலிக்குப் போறாரு. கூட வந்தவரு மெக்கானிக்கு.

"இஞ்சின் நல்லா இருக்கான்னு கேக்காதீரும் வே. காரு விக்கவரு அந்த ஆத்து வெள்ளத்துல பட்ட கஷ்டத்தக் கேளும்"னாரு மெக்கானிக்கு.

நான் முறுக்கு கடிக்கதயே நிறுத்திட்டேன்.

"காரு வாங்கப் போறேனா, துக்கம் கேக்கப் போறேனா?"

"தண்ணி குடிச்ச இஞ்சின்னு எவம்வே சொல்லுவான்? கழுவித் தொடச்சி, சர்வீஸ் புக்கையும் புதுசாக் காட்டுவான். ஆனா வெள்ளக் கதைய மட்டும் நம்மூர்க்காரன் மறைக்கவே மாட்டான். அட்வான்ஸ் குடுக்க முன்ன கேட்டுரும்."

"பத்து வருச ஆசைவே எனக்கு."

"அதுக்குத்தான் கேக்கச் சொல்லுதேன்."

துபாய்க்காரரு காரு விக்கவருக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு. "அண்ணாச்சி, வந்துக்கிட்டே இருக்கேன். ஆமா, ஒங்க வீடு ஆத்தங்கரையாச்சே, அந்த வெள்ளத்துல ரொம்பக் கஷ்டப்பட்டியளோ?"

"அதயேன் கேக்கீய! கழுத்தளவு தண்ணி. பீரோ மெதக்கு, கட்டில் மெதக்கு. நாங்க ரெண்டு நாளு மொட்டமாடியில ரொட்டியத் தின்னுட்டுக் கெடந்தோம்."

"அடப் பாவமே. காரு?"

"காரு எப்படி அண்ணாச்சி மாடிப்படி ஏறும்?"



துபாய்க்காரரு பைய போனை மடியில வச்சாரு. "கண்டக்டரண்ணே, சேரமாதேவியிலயே எறங்கிக்கிடுதோம்."