கதவு திறக்கிற இடம் வரை

ஒரு படத்தைக்கூட முடிவு வரை பார்க்க எனக்கு வாய்த்ததில்லை. சப்பான்காரன் வருவதற்கு முன்பு, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கொட்டகையில் சபாபதி மாமா டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பேய்ப் படம் ஓடினால் என்னைக் காசில்லாமல் வாசல் திரைக்குப் பின்னால் நிற்கவிடுவார். முதல் காட்சி முடிவதற்குள், "போதும்லா, மொதலாளி வர்ற நேரம்" என்று வெளியே தள்ளிவிடுவார். படங்களில் மூடியே இருந்த அந்தக் கதவுகளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை.

ஆனால் தொடக்கங்களை நன்றாகப் படித்துக்கொண்டேன். முதல் காட்சியில் பேய் வராது. ஒரு பெண் விளக்கேற்றுவாள், பாத்திரம் கழுவுவாள். தூரத்தில் நாய் குரைத்துக்கொண்டிருக்கும்; பிறகு குரைக்காது. அவள் கவனிக்கமாட்டாள், நாம் கவனிப்போம். அவள் அறையைவிட்டுப் போன பிறகும் படம் கதவையே காட்டிக்கொண்டிருக்கும், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம். அவ்வளவுதான். மீதிப் பயத்தைப் பார்க்கிறவர்களே போட்டுக்கொள்வார்கள்.

சப்பான்காரன் வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. மறுபடி திறந்தபோது நான் போகவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வாய் வராது. ரயில்வே வரிசை வீட்டில் அடுத்த வீட்டு வள்ளியம்மா அக்கா ஒருத்திதான் நான் பேசினால் கேட்பாள். அவள் புருஷன் கன்னையாவை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே, "அந்தக் கதவுப் படத்தச் சொல்லு புள்ள" என்பாள். சொல்வேன். "அப்பறம்?" என்பாள். அப்புறம் என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்கிறவள் ஒருத்தி கிடைத்தும், கொடுக்க என்னிடம் முடிவு இல்லை. அந்த எரிச்சலில் எத்தனையோ நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

சண்டை ஓய்ந்தது. சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். வள்ளியம்மா மறுபடி தலைக்கு எண்ணெய் வைத்தாள். "அவரு வந்ததும் ஜெஞ்சாரோம் போயிடுவோம், அங்க அவரு அண்ணன் இருக்காரு. பாவம், நீ யாருக்குடி கதை சொல்லுவ? கோழிக்கா?" என்று சிரித்தாள்.

அன்றுதான் ஆரம்பித்தேன். பொய் சொல்லவில்லை. வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்: விளக்கு வைத்த பின் வெளியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திறக்கக் கூடாது. மூன்று முறை கூப்பிட வேண்டும். பேய்க்கு மூன்றாம் முறை கூப்பிட வராது. அதை நினைவுபடுத்தினேன். சில நாள் பேச்சின் நடுவே நிறுத்திக் கதவைப் பார்ப்பேன். "என்னடி?" என்பாள். "ஒண்ணுமில்லக்கா." இன்னொரு நாள், "சயாம்ல செத்தவங்களும் வீட்டுக்குத்தான் வராங்களாம்" என்பேன். போகப் போக, அவளே பேச்சை நிறுத்திக் கதவைப் பார்க்கத் தொடங்கினாள்.

மழை பெய்த ஒரு அந்தியில் அவள் வீட்டில் இருந்தேன். வெளியே ஒரு குரல். "வள்ளி."

அவள் துள்ளி எழுந்தாள். "அவரு கொரலுடி!"

"தெரிஞ்ச கொரல்லதான்க்கா கூப்பிடும். இரு."

"வள்ளி..." முன்னதைவிடத் தாழ்ந்து வந்தது.

தாழ்ப்பாளில் கை வைத்தபடி அவள் நின்றாள். நான் பலகை இடுக்கில் பார்த்தேன். கன்னையா அண்ணன்தான். இடுப்பில் சுற்றிய சாக்கு, கால் முழுக்கப் புண், ஒரு கம்பில் சாய்ந்திருந்தார். மூன்றாவதாகக் கூப்பிட வாயைத் திறந்தார். மூச்சு வரவில்லை. தூக்கிய கை கதவை எட்டவில்லை.

"யாருடி?"

"யாருமில்லக்கா."

அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் பார்த்த எந்த முகமும் அதற்கு ஈடில்லை.

காலையில் சந்து முனையில் ஒரு உடலை லோரியில் ஏற்றினார்கள். வள்ளியம்மா எட்டிப் பார்க்க வந்தாள். "யாரோ தோட்டத்து ஆளு, பாக்காதக்கா" என்று உள்ளே அழைத்துப் போனேன். "நல்லவேள, நேத்து நீ இருந்த" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் இன்னும் காத்திருக்கிறாள். மாலையில் துணைக்குப் போய் உட்காருகிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் தாங்கமாட்டாள். அவ்வளவு இரக்கமில்லாதவள் இல்லை நான்.