ஆறாவது போல்ட்டும் ஏழு படிகளும்

நெருப்பையே எழுதுகோலாக ஏந்தி இரும்பிலே எழுதுகிறவரும், ஊருக்கெல்லாம் வெல்டிங் அண்ணியும், எனக்கு மட்டும் என் அண்ணன் கட்டிய அசல் அண்ணியுமான கூட்டத் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் டிங்கரிங் பெரியவரே, பெயிண்டர் பெரியவரே! கறுத்த கரங்களால் கார்களுக்கு உயிர் கொடுக்கும் என் தொழில் தோழர்களே! அந்தக் கரங்கள் தொட்ட சட்டைகளைத் துவைத்துத் துவைத்துச் சலித்தும், சலித்ததை வாய்விட்டுச் சொல்லாத தாய்மார்களே! என்ன, அங்கே கையை ஆட்டுகிறீர்கள்? சொல்வதுண்டா? சரி, தினமும் சொல்கிற தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பழுதுபார்ப்போர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மன்றம். பதினான்கு ஆண்டுக் கனவு. பளிங்குத் தரை, பளபளக்கும் சுவர், வாசலிலே கம்பீரமாக ஏழு படிகள். அந்த ஏழையும் ஏறி வந்ததில் எனக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே என்று சிலர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள். பொறுங்கள். அங்கேதான் வரப்போகிறேன்.

'என் தொழிலில் நான் கண்ட வெற்றி' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். வெற்றியா? இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனையோ எஞ்சின்களை இறக்கி ஏற்றியவன் நான். மலையைப் பார்த்து நான் மலைத்ததில்லை, கடலைப் பார்த்து நான் கலங்கியதில்லை. மலைத்தும் கலங்கியும் நான் மண்டியிட்டது எதனிடம் தெரியுமா? என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு போல்ட்டிடம்!

நம் கடைத்தெருவின் கோடியில், இரண்டடி அகல மேசையும் ஒரு விளக்கும் வைத்துக்கொண்டு கடிகாரம் பழுதுபார்க்கிறவரை அறியாதவர் இங்கே யாருமில்லை. கடிகாரத் தம்பி. முப்பது வயது ஆகவில்லை. குழந்தையில் வந்த காய்ச்சல் அவருடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அவருக்கு ஒரு கார் உண்டு. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த கார். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று கால் செய்யும் வேலை அத்தனையையும் கைக்கு மாற்றி அமைத்த கார். அந்தக் கைப்பிடிகளையும் கம்பிகளையும் அவர் கை நீளத்துக்கு அளந்து அளந்து, வெட்டி வெட்டி, ஒட்டி ஒட்டிக் கொடுத்தவர் நம் தலைவர் அண்ணி. ஒன்றரை வருட வேலை! வேறு எந்த வண்டிக்கும் அவை பொருந்தா.

அந்தக் காரில்தான் அவர் பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்கும், ரயில் நிலையத்துக் கடிகாரத்துக்கும் சாவி கொடுக்கப் போவார். ஒருநாள் வண்டிக்குள் புகை வாடை அடிக்கிறது என்று கொண்டுவந்தார். எஞ்சினோடு புகைக்குழாய் சேர்கிற இடத்தில் கசிவு. உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அது நஞ்சு. குழாயைக் கழற்றி, இடுக்கை அடைக்கும் புது கேஸ்கெட் தகட்டை வைத்து மூட வேண்டும். அதைப் பிடித்திருப்பவை ஆறு போல்ட்டுகள். "நாளைக்குச் சாயந்திரம் வந்து எடுத்துக்கோ தம்பி" என்றேன். நாக்கிலே சனி!

ஐந்து போல்ட் அழகாக வந்தன. ஆறாவது வரவில்லை. நாற்பது வருடச் சூடும் நாற்பது வருடத் துருவும் சேர்ந்து அதை எஞ்சினின் அலுமினியத் தலையான சிலிண்டர் ஹெட்டோடு ஒன்றாக்கிவிட்டன. தட்டிப் பார்த்தாயா என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. தட்டினேன் ஐயா! துரு எண்ணெய் விட்டாயா என்கிறது இன்னொரு குரல். விட்டேன் ஐயா! ஆனால் எண்ணெய் ஊறுவதற்கு ஒரு இரவு கொடுத்தேனா? கொடுக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஸ்பானருக்குப் பின்னால் ஒரு குழாயைச் செருகினேன், மூச்சைப் பிடித்தேன், முறுக்கினேன். டக்!

தோழர்களே, அந்த 'டக்'கை நீங்கள் அறிவீர்கள். கை இலேசாகும், வேலை கனக்கும். சிரிக்காதீர்கள், உங்களில் எத்தனை பேர் முகம் வெளுத்துவிட்டது என்பதை மேடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தலை என் கையில், உடல் உள்ளே. சரி, நடுவில் துளை போட்டு ஈஸி அவுட்டைச் செருகித் திருகி எடுத்துவிடலாம் என்று துணிந்தேன். ஒடிந்த போல்ட்டை எடுப்பதற்கென்றே பிறந்த கருவி. போல்ட்டைவிடப் பலமடங்கு கடினமான எஃகு. பேரிலே மட்டும்தான் ஈஸி. அதுவும் உள்ளேயே ஒடிந்தது. அவுட் ஆனது நான்! கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. இனித் துளை போட முடியாது. டிரில் முனை அந்த எஃகின் மேல் வழுக்கிப் பக்கத்திலுள்ள மெத்தென்ற அலுமினியத்துக்குள் பாய்கிறது. அந்தப் பக்கம் அரை விரல் தள்ளி எஞ்சினின் தண்ணீர்ப் பாதை. அது ஓட்டையானால் ஹெட் குப்பைக்கு. இந்த ஹெட்டைச் செய்வதை நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. ஹெட் போனால் கார் போயிற்று.

ஹெட்டைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு அண்ணியிடம் ஓடினேன். பிடித்துத் திருக வசதியாக, ஒடிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்தார். நட்டு மட்டும் கையோடு வந்தது. இன்னொன்று, அதுவும் வந்தது. ஏழு நட்டுகள்! கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: "இதுக்கு மேல சூடு வெச்சா அலுமினியம் உருகிடும்பா. என் கை இங்கயே நின்னுடுச்சு. நீ போய் அந்தப் புள்ளகிட்ட உண்மையச் சொல்லிடு."

சொன்னேனா? நம் தொழிலின் தேசிய கீதத்தைத்தான் பாடினேன். என்ன அது? எங்கே, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்!

"பார்ட்ஸ் வரல!"

ஆகா, எத்தனை ஒற்றுமை! சந்தா கேட்டால் மட்டும் இந்த ஒற்றுமை வருவதில்லை. நான்கு நாள் அவர் போன் செய்தார். நான்கு நாளும் பார்ட்ஸ் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை அவரே வந்தார். எப்படி வந்தார்? அவருடைய மைத்துனன் அவரை மூட்டையைப் போலத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, மூட்டையைப் போலத் தூக்கி என் கடையில் இறக்கினான். அந்த ஆறடித் தூரம் அவர் யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார வைத்ததும் சட்டையை நேராக்கிக்கொண்டு கேட்டார்.

"எந்த பார்ட்ஸ் அண்ணே வரல?"

"கேஸ்கெட் தம்பி."

"அது உங்க பெஞ்சு மேல, கவர் பிரிக்காம கெடக்குதே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் தட்டைத் தானே நீட்டிக் காட்டிய கதைதான். ஹெட்டை எடுத்து அவர் மடியருகே வைத்தேன். ஒடித்ததைச் சொன்னேன், அதற்குள் ஒடித்ததையும் சொன்னேன், நான்கு நாள் பொய்யையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "கார் இருந்தா நான் கடிகாரக்காரன் அண்ணே. கார் இல்லேன்னா நான் ஒரு சாமான். அஞ்சு நாளா எல்லாரும் என்னை எங்க வைக்கலாம்னுதான் பேசிக்கிறாங்க."

என் பிள்ளைகள் முன்னால்கூட நான் அழுததில்லை. அன்று அழுதேன்.

அவரோ, அழுகிறவனைப் பார்க்காமல் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து, கடிகார வேலைக்கான பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டார். குனிந்தார். நெடுநேரம் கழித்து, "இது சுத்த அலுமினியமா அண்ணே? நடுவுல இருக்கறது மட்டும்தான் இரும்பா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ கொஞ்சம் படிகாரம் வாங்கிட்டு வாங்க" என்றார்.

படிகாரம்! சவரம் செய்த கன்னத்தில் தேய்க்கிற கல்! கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கிற கல்! என் வாசலில் வேடிக்கை பார்த்த டிங்கரிங் பெரியவர், இதோ இங்கே மேடையில்தான் இருக்கிறார், என் காதில் என்ன சொன்னார்? "பாவம், கவலையில இந்தப் பையனுக்கு மரை கழண்டுபோச்சு." மறுக்கிறீர்களா பெரியவரே? தலையைக் குனிந்துகொண்டார், மறுக்கவில்லை!

கைக்கடிகாரத்தின் பித்தளைத் தகட்டுக்குள் தலைமுடி கனத்தில் ஒரு எஃகுத் திருகாணி ஒடிந்தால் கடிகாரக்காரன் என்ன செய்வான்? அதற்கு டிரில்லும் இல்லை, நட்டும் இல்லை. சுடவைத்த படிகாரத் தண்ணீரில் ஊறப்போடுவான். படிகாரம் இரும்பைத் தின்னும், பித்தளையைத் தொடாது. அலுமினியத்தைத் தொடுமா? "தெரியாது. தெரியாததை உங்க ஹெட்ல செய்ய மாட்டேன்" என்றார். உடைந்த பிஸ்டன் துண்டில் ஒரு ஆணியை அடித்து, கிண்ணத்தில் ஊறப்போட்டு, மறுநாள் வரை பார்த்தார். ஆணி இளைத்தது; பிஸ்டன் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஹெட்டில் கை வைத்தார்.

ஹெட்டை முழுதாக முக்கினால் உள்ளே இருக்கும் இரும்பு வால்வுகளும் கரைந்துவிடும். அதனால் துளையைச் சுற்றி ஒரு சைக்கிள் டியூப் துண்டைப் பசை வைத்து ஒட்டிச் சின்னக் கிணறு கட்டினார். பேனாவுக்கு மை நிரப்பும் சொட்டுக்குழாயால் சுடவைத்த படிகாரத் தண்ணீரை விட்டார். ஹெட்டுக்குக் கீழே ஒரு மின்னடுப்பு, மெல்லிய சூட்டில்.

அவையோரே! அதற்குப் பிறகு நான் கண்டதை என்ன சொல்லிச் சொல்வேன்? ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் துளையின் அடியிலிருந்து ஒரே ஒரு குமிழி, கடுகில் பாதி, மெல்ல ஏறி வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சரம் சரமாக! காதை வைத்துக் கேட்டேன். தூரத்து மழை போல ஒரு சின்ன ஓசை. சம்மட்டிக்கு அஞ்சாத எஃகு! டிரில்லை வழுக்கிவிட்ட எஃகு! ஏழு முறை நெருப்புக்கு இணங்காத எஃகு! தண்ணீருக்குள் ஒரு படிகாரக் கல்லுக்குக் கரைந்துகொண்டிருந்தது. அடியில்லை, சினமில்லை, முறுக்கில்லை. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இருபத்தாறு வருடம் இரும்போடு புழங்கிய நான், இரும்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவன் போல உட்கார்ந்திருந்தேன்.

மூன்று பகல். மணிக்கொரு முறை கறுத்த தண்ணீரை உறிஞ்சுவார், புதுத் தண்ணீர் விடுவார். கடைத்தெருவே வந்து எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் பிற்பகல், சாமணத்தை உள்ளே விட்டு, முள்ளைப் போல இளைத்துக் கிடந்த ஈஸி அவுட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மிச்ச போல்ட் ஒரு கறுத்த ஓடாகச் சுருண்டு வந்தது. கழுவினோம். கண்ணாடியை என் கண்ணில் செருகிவிட்டு, "பாருங்கண்ணே" என்றார்.

பார்த்தேன். இரும்பு போயிருந்தது. ஆனால் அந்த இரும்பு நாற்பது வருடம் குடியிருந்த மரை, வரி வரியாக, ஒரு வரிகூடச் சிதையாமல், வெள்ளி போல மின்னியது! புதுப் போல்ட்டை எடுத்தேன். ஸ்பானர் வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலால் திருகினேன். இறங்கியது, இறங்கியது, போய் அமர்ந்தது. பெரியவரே, அன்று மரை கழன்றிருந்தது அந்தத் தம்பிக்கு அல்ல, எனக்கு! அதைத் திரும்ப மாட்டிவிட்டவர் அவர்!

ஆகவே என் தோழர்களே, இன்று முதல் ஒடித்தால் ஒடித்தேன் என்று சொல்வோம். நான்கு நாள் முன்னால் நான் சொல்லியிருந்தால் நான்கு நாள் முன்னாலேயே படிகாரம் வந்திருக்கும். அந்த மனிதர் சாமானாக ஐந்து நாள் கிடந்திருக்க மாட்டார். ஒருவர் கை நிற்கும் இடத்தில் இன்னொருவர் கை தொடங்குகிறது. அந்தக் கை எங்கே இருக்கிறதென்று நமக்கு முன்கூட்டித் தெரியாது.

கைதட்டாதீர்கள். தட்டும் தகுதி நமக்கு இன்று இல்லை. அந்தக் காலி நாற்காலி யாருடையது என்று இப்போது தெரிந்திருக்கும். அவர் வரவில்லையா? வந்தார். நமக்கெல்லாம் முன்னால், தன் காரை ஓட்டிக்கொண்டு, தானாக வந்தார். வாசலிலே, காருக்குள்ளேயே இருக்கிறார். ஏன் உள்ளே வரவில்லை? நம் இளைஞர்கள் நான்கு பேர் ஆசையாக ஓடினார்கள், "தூக்கிட்டுப் போறோம் அண்ணே" என்று. அவர் சிரித்துக்கொண்டே கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, "மைக்குல நல்லா கேக்குது, நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

நாற்பத்தாறு மெக்கானிக்குகள்! மூன்று வெல்டர்கள்! பதினான்கு ஆண்டு யோசித்து, ஏழு படி கட்டினோம். ஒரு சரிவு கட்டத் தோன்றியதா? வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவன் யார்? நான்தான். அவர் சொல்லிலே கரைந்து கண்ணீர்விட்ட எனக்கே தோன்றவில்லையே! ஒடித்தேன், தோழர்களே. இன்னொரு முறை ஒடித்துவிட்டேன். இந்த முறை நான்கு நாள் மறைக்கவில்லை, சபையில் சொல்லிவிட்டேன்.

தலைவர் அண்ணி எழுந்து நிற்கிறார். என்ன அண்ணி? "இரும்புத் தகடு என் கடையில இருக்கு, நாளைக்கே சரிவு வெச்சிடலாம்" என்கிறார். தீர்மானம் நிறைவேறியது! இப்போது தட்டுங்கள்!

தம்பி, கேட்கிறதா? ஒரே ஒரு முறை எஞ்சினைப் போடு.

அமைதி, அமைதி. கேளுங்கள். கசிகிறதா? அந்த ஆறாவது போல்ட் ஒரு சொல் பேசுகிறதா? பேசவில்லை.

மேடையின் மூத்தோருக்கும், பொறுமை காத்த தாய்மார்களுக்கும், என்னைப் போலவே ஒடித்த அத்தனை தோழர்களுக்கும் நன்றி. வணக்கத்தை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை. மைக் வயர் நீளமானது. நாற்காலிகளை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சக் கூட்டம் வாசலில் நடக்கும். அந்தக் காலி நாற்காலியை விட்டுவிடுங்கள், அவர் தம் சொந்த இருக்கையில்தான் இருக்கிறார். வணக்கம் சொல்ல வேண்டியவர் ஏழு படிக்குக் கீழே இருக்கிறார். இதோ, இறங்குகிறேன்.