லண்டன் பார்லிமெண்டுக்கு ஒரு நேத்தி

பாரிஸில், லா சப்பல் மெற்றோ வாசலில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், கூட வந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“லண்டன் பார்லிமெண்ட் சனத்தின்ரை சொல்லைக் கேக்கக் கூடாதெண்டு, பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்க நேத்தி வைச்சிருக்கிறன்.”

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரிட்டன் மக்கள் வாக்களித்திருந்த வாரம் அது.

“என்னண்ணை இது? இஞ்சை பிரான்சிலை ஐரோப்பா அரசியல் சட்டம் வேண்டாமெண்டு நாங்கள் வோட்டுப் போட்டும், பிறகு பார்லிமெண்டிலை வேறை பேரிலை கொண்டுவந்து நிறைவேத்தினவங்கள். அண்டைக்கு எங்கடை வோட்டுக்கு என்ன மதிப்பெண்டு கொதிச்சது நீங்கள்தானே?”

“ஓம், கொதிச்சனான்.”

“அப்ப இண்டைக்கு?”

“மகள் அங்கை லண்டனிலை பிரெஞ்சுப் பாஸ்போட்டோடை இருக்கிறாள். பிரிட்டிஷ் பாஸ்போட் எடுக்கப் போறன் எண்டவளை, ரெண்டும் ஐரோப்பாதானே பிள்ளை எண்டு மறிச்சது நான்.”